ஏட்டில் ஏறிய பெயர்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் மக்களிடையே வழங்கும் பழமொழி. ஆனால் தலவாக்கலையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலே இப்பழமொழி தலைகீழாக நிற்கிறது. அங்கே வாயால் அழைக்கும் பெயருக்கு மதிப்பில்லை. ஏட்டில் ஏறிய பெயருக்கே சம்பளம். ஏட்டில் ஏறிய பெயருக்கே சேமலாப நிதி. ஏட்டில் ஏறிய பெயருக்கே பிரஜாவுரிமை. பெற்றோர் இட்ட பெயரும் ஏட்டில் ஏறிய பெயரும் ஒன்றாக இராவிடின், ‘இவ்விரு பெயருக்கும் உரியவர் ஒருவரே’ என்று நிரூபிக்க வேண்டிய கடமை அந்தப் பெயரைச் சுமக்கும் தொழிலாளியின் தலையில் வந்து விழுகிறது.

இதை ஓர் அலுவலகச் சிக்கல் என்றும், மனுப் போட்டுத் திருத்திக்கொண்டால் தீர்ந்துவிடும் எழுத்துப் பிழை என்றும் கருதுவோர் நம் ஆசிரியர்களிடையேயும் மாணவர்களிடையேயும் உண்டு. அவர்கள் சற்றுப் பொறுமையோடு நம்முடன் வர வேண்டுகிறோம். ஒரு பெயரை எழுதியவர் யார், யாருடைய மொழியில் எழுதினார், பிழை நேர்ந்தபோது அதற்கு விலை கொடுத்தவர் யார் என்று தேடப் புகுந்தால், அந்தத் தேடல் மலையகத்தின் இருநூறு ஆண்டு வரலாற்றின் ஊடாகவே நம்மை அழைத்துச் செல்லும்.

ஒரு லெட்சுமியின் பல பெயர்கள்

லெட்சுமி என்ற பெயருடைய தொழிலாளி ஒருத்தியை மனத்தில் கற்பித்துக்கொள்வோம். இவள் எந்தத் தோட்டத்தையும் சேர்ந்தவள் அல்லள்; அதே வேளையில் எல்லாத் தோட்டங்களையும் சேர்ந்தவள்.

பெற்றோர் இவளுக்கு இட்ட பெயர் இலட்சுமி. லயத்திலே எல்லோரும் லெச்சுமி என்று அழைத்தனர். பிறப்புச் செய்தி தோட்ட அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கே கிளாக்கர் தம் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதி மேலே அனுப்பினார். பதிவாளரின் ஏட்டில் அது வேறொரு வடிவம் கொண்டது. பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியர், ‘இதுவே சரியான வடிவம்’ என்று லட்சுமி என எழுதினார். தோட்டத்தில் பேர் பதிந்தபோது செக்ரோலில் ஏற்கெனவே இரண்டு லெட்சுமிகள் இருந்தமையால் இவள் சின்ன லெட்சுமி ஆனாள். தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது பெயர் சிங்கள எழுத்துக்கு மாறி, அங்கிருந்து மீண்டும் தமிழுக்கு வரும் வழியில் ஓர் உயிரெழுத்தை இழந்தது. திருமணத்துக்குப் பின் சில பத்திரங்களில் தந்தை பெயரின் முதலெழுத்தும், சில பத்திரங்களில் கணவன் பெயரின் முதலெழுத்தும் முன்னே நின்றன.

இத்தனை மாற்றத்துக்கும் இடையே லெட்சுமி கொழுந்து பறித்துக்கொண்டேயிருந்தாள். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அதன்படி தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு பங்கும் முதலாளியின் பங்கும் மாதந்தோறும் நிதியில் சேர்கின்றன. பெண் தொழிலாளி 50 வயதிலும் ஆண் தொழிலாளி 55 வயதிலும் ஓய்வு பெற்று அதனைப் பெறலாம். அந்த நாள் வந்து லெட்சுமி கேட்கும்போதுதான் கேள்வி பிறக்கிறது. நிதியின் ஏட்டில் உள்ள பெயர் ஒன்று, அடையாள அட்டையில் உள்ள பெயர் ஒன்று, பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள பெயர் மற்றொன்று. ‘இவர்கள் மூவரும் நீங்கள்தானா, அம்மா?’

இதற்கு வழி இல்லாமலில்லை. சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரின் உறுதிக் கடிதம் வேண்டும். தோட்ட நிருவாகத்தின் கடிதமும் வேண்டும். பிறப்புப் பதிவிலேயே திருத்தம் தேவையானால் பதிவாளர் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து, பழைய ஆதாரங்களைத் தேடிக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நகரத்துக்கு ஒரு நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாட்பேர் இழப்பு, பஸ் கட்டணம் வேறு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தான் உழைத்துச் சேர்த்த பணத்தைத் தானே பெறுவதற்கு, தான் தான்தான் என்று லெட்சுமி சத்தியம் செய்கிறாள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிழைகளில் ஒன்றையேனும் லெட்சுமி செய்யவில்லை. கிளாக்கர் எழுதினார், பதிவாளர் எழுதினார், ஆசிரியர் எழுதினார், அதிகாரி எழுதினார். இவர்களுள் எவரும் தாம் எழுதியதற்குச் சான்று தரும்படி அழைக்கப்படுவதில்லை. பேனாவைத் தொடாத ஒருத்தியே பேனாவின் குற்றத்துக்குப் பொறுப்பேற்கிறாள். இந்த நீதி எங்கிருந்து வந்தது?

தகரத் துண்டும் செக்ரோலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மக்கள் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். நோயால் கோப்பி அழிந்தபின் தேயிலை மலைகளை ஆட்கொண்டது. தலவாக்கலையும் லிந்துலையும் அடங்கிய திம்புளைப் பகுதி உயர்ந்த ரகத் தேயிலைக்கு உலகப் புகழ் பெற்றது. அந்தத் தேயிலையின் பெயர் லண்டன் சந்தையில் பிழையின்றி எழுதப்பட்டது. அதைப் பறித்த கைகளுக்கு உரியவரின் பெயர் அவ்வாறு எழுதப்படவில்லை.

ஆள் திரட்டியவர் கங்காணி. அவருடைய கணக்கில் தொழிலாளி ஒரு தலை. தலைக்கு இவ்வளவு முன்பணம். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் தொழிலாளியின் கடன்தொகையைக் குறிக்கும் ‘துண்டு’ வேண்டும். இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகுந்த மற்றொரு துண்டும் உண்டு. அது தகரத்தால் ஆனது. எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்பதைக் காட்டும் அடையாளமும் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அத்துண்டைக் கழுத்திலோ இடுப்பிலோ கட்டிக்கொண்டு தொழிலாளர் கடல் கடந்து வந்தனர். பெயர் தெரியாவிட்டால் பாதகமில்லை, எண் தெரிந்தால் போதும் என்பதே அதன் தத்துவம். சரக்குப் பெட்டிக்கும் அதே தத்துவம்தான்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபின் எண்ணுடன் பெயரும் சேர்ந்தது. விடியற்காலைப் பெரட்டிலே பெயர் வாசிக்கப்படும். அந்தப் பெயர் செக்ரோலில் இருந்தால்தான் அன்றைய நாட்பேர். செக்ரோலை எழுதியவர்கள் ஆங்கிலம் கற்ற கிளாக்கர்களும் கணக்கப்பிள்ளைகளுமாவர். தமிழிலே ‘த’ என்ற ஒலியை ஆங்கிலத்தில் ஒருவர் ஓரெழுத்தால் எழுதினார், மற்றொருவர் ஈரெழுத்தால் எழுதினார். கந்தசாமி இரண்டு விதமாகவும் முத்துசாமி மூன்று விதமாகவும் எழுதப்படலாயினர். சிங்களத்திலோ ‘க’வுக்கு இரண்டு ஒலிகளும் அவற்றுக்கு வெவ்வேறு எழுத்துக்களும் உண்டு, தமிழில் ஓரெழுத்தே. ஆதலால் ஒரு தமிழ்ப் பெயர் சிங்களத்துக்குப் போகும்போது எழுதுபவரின் ஊகமே அதன் வடிவத்தைத் தீர்மானித்தது. மூன்று மொழி எழுத்துக்களிடையே தமிழ்த் தொழிலாளியின் பெயர் பந்தாடப்பட்ட வரலாறு இவ்வாறு தொடங்கியது.

எழுத்தைத் தவிர மற்றொரு காரணமும் உண்டு. தமிழ்க் கிராமங்களில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மதிப்பான பெயர் வைத்துக்கொள்ளும் சுதந்திரமே மறுக்கப்பட்டிருந்தது. குப்பன், மண்ணாங்கட்டி என்ற பெயர்கள் விருப்பத்தால் மட்டும் அமைந்தவை அல்ல. கடல் கடந்து வந்தவர்களுள் சிலர் முனியன் என்ற பெயரை முனுசாமி என்றும், கருப்பன் என்ற பெயரைக் கருப்பையா என்றும் உயர்த்திக்கொண்டனர். பழைய பழக்கத்தில் ஊறியவர்கள் எழுதிய ஏட்டிலோ குறுகிய வடிவமே நின்றது. ஆகவே பெயர் வேறுபாடு என்று நாம் காண்பவை யாவும் எழுத்துப் பிழைகள் அல்ல. சில, தலை நிமிர முயன்ற மனிதரின் அடிச்சுவடுகள்.

வாக்களித்த ஊர்

இனி 1947க்கு வருவோம். அவ்வாண்டு நடந்த இலங்கையின் முதலாவது பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. அவற்றுள் ஒன்று தலவாக்கலை. அத்தொகுதியின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டவர் சி. வி. வேலுப்பிள்ளை. வட்டகொடைக்கு அண்மையிலுள்ள மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்தவர். மலையக இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவர். தோட்ட மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர். தலவாக்கலைத் தொழிலாளர் தம் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கக் கண்டு, வரிசையில் நின்று, தம்முள் ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர்.

மறு ஆண்டே அந்தப் பெயர்கள் கேள்விக்கு உள்ளாயின. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறாத காலத்தில், தகரத் துண்டு கட்டிக்கொண்டு வந்த பாட்டனுக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? பத்திரம் இருந்தாலும், தந்தையின் பிறப்புப் பதிவில் முனியன் என்றும் மகனின் பதிவில் தந்தை பெயர் முனுசாமி என்றும் இருந்தால், முனியனும் முனுசாமியும் ஒருவரே என்று யார் சொல்வது?

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், பதிவு மூலம் பிரஜாவுரிமை பெற ஒரு வாசலைத் திறந்ததாகச் சொல்லப்பட்டது. 1946 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்னர், திருமணமானவர் ஏழு ஆண்டுகளும் ஏனையோர் பத்து ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் 5 வரை தவணை. தொடக்கத்தில் இந்தச் சட்டத்தைப் பகிஷ்கரிக்க நினைத்த காங்கிரஸ் பின்னர் விண்ணப்பிக்கத் தீர்மானித்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. விசாரணை ஆண்டுக் கணக்கில் நீண்டது. இறுதியில் பிரஜைகளாகப் பதிவு பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

இந்த விசாரணைகளில் தொழிலாளியின் சாட்சி எது? பெரும்பாலும் செக்ரோலே. பல ஆண்டுகளாகக் காலைப் பெரட்டுக்கு வந்து நின்றவரின் வாழ்வுக்கு வேறு ஏடு கிடையாது. அந்தச் செக்ரோல் தோட்ட அலுவலகத்தின் அலமாரியில் இருந்தது. தொழிலாளியின் கையில் இல்லை. தோட்டம் மாறியவருக்குப் பழைய தோட்டத்தின் கடிதம் வேண்டும். அங்கே வேறு எழுத்தில் பெயர் இருந்தால் விளக்கம் வேண்டும். தன்னைப் பற்றிய சான்று அனைத்தும் பிறர் கையில் இருக்க, சான்று காட்டும் கடமை மட்டும் தன்னிடம் இருந்த நிலை இது. சட்டத்தின் வாசகத்தில் வர்க்கம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. எனினும் அலமாரியின் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டால் வர்க்கம் எது என்று விளங்கிவிடும்.

1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜைகளுக்கே வாக்குரிமை என்றது. 1952 தேர்தலில் தோட்ட மக்களின் பிரதிநிதி ஒருவரும் பாராளுமன்றம் செல்லவில்லை. அவ்வாண்டு காங்கிரஸ் சத்தியாக்கிரகம் நடத்தியது. மலையகத் தொழிற்சங்க இயக்கத்திலிருந்து தேர்தலில் வென்று ஒருவர் மீண்டும் பாராளுமன்றம் புக 1977 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தலவாக்கலை வாக்காளரின் பெயரை இடாப்பிலிருந்து வெட்ட ஒரு பேனாக் கோடு போதுமாயிருந்தது. அதை மீண்டும் எழுத ஒரு தலைமுறை கழிந்தது.

இரண்டு நாடுகளில் ஒரு பெயர்

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். நாடற்றவர் 9,75,000 பேர் என மதிப்பிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டவர்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை. எண்ணில் தொடங்கிய வரலாறு மீண்டும் எண்ணுக்கே வந்து சேர்ந்தது.

அதன்பின் குடும்பங்கள் பத்திரம் எடுக்க அலைந்தன. இந்தியக் கடவுச்சீட்டிலும் குடும்ப அட்டையிலும் பெயர் ஏறியது. அந்தப் பெயருடன் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் இறங்கினர். 1984இல் கப்பல் போக்குவரத்து நின்றது. அதுவரை சென்றோரும் அவர்களுடைய பிள்ளைகளுமாக நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தனர். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்றவர்கள் பலர். அங்கும் பத்திரத்தின் ஆட்சி தொடர்ந்தது. ‘தாயகம் திரும்பியோர்’ என்பது அவர்களுக்கு அரசு இட்ட பெயர். ‘சிலோன்காரர்’ என்பது ஊரார் இட்ட பெயர். தாய்நாடு என்று அவர்கள் எண்ணியிருந்த மலைக்கு இந்தச் சொற்களில் இடமில்லை.

ஒரே லயத்தில் பிறந்த அண்ணன் இந்தியப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் தம்பி இலங்கைப் பத்திரத்தில் வேறு விதமாகவும் தம் தந்தையின் பெயரை எழுதிவைத்திருக்க நேர்ந்தது. கடல் பிரித்த உறவை எழுத்தும் பிரித்தது.

மாற்றிக்கொள்ளும் உரிமை யாருக்கு?

பெயரை மாற்றுவது அத்தனை அரிய காரியமா என்று இங்கே ஒரு கேள்வி எழலாம். அதற்கு விடை, மாற்றுபவர் யார் என்பதைப் பொறுத்தது.

1972 மே 22ஆம் நாள் நாடே தன் பெயரை மாற்றிக்கொண்டது. சிலோன், ஸ்ரீலங்கா ஆயிற்று. இரண்டும் ஒன்றே என்று எவரும் சத்தியக்கடதாசி கேட்கவில்லை. தோட்டங்களுக்கு ஆங்கிலத் துரைமார் தம் ஊர்ப்பெயர்களையும் புனிதர்களின் பெயர்களையும் சூட்டினர். தொழிலாளரோ அதே தோட்டங்களைத் தமிழ்ப் பெயர்களால் அழைத்தனர். பெர்குசன் வெளியிட்ட இலங்கை வழிகாட்டி நூல் தோட்டங்களின் ஆங்கிலப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் சேர்த்தே அச்சிட்டது. மலைக்கு இரண்டு பெயர் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட அதே சமுதாயம், மனிதனுக்கு இரண்டு பெயர் இருந்தால் ஐயுறுகிறது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. முதலாளியின் பெயர் மாறும்போதெல்லாம் ஓர் அறிவித்தல் போதுமாயிருந்தது.

பெயரை விரும்பி மாற்றுவதற்கும் சட்டத்தில் இடமுண்டு. தமிழ்நாட்டில் உரிய ஆதாரங்களுடன் விண்ணப்பித்தால் மாற்றம் அரசிதழில் வெளியாகும். இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவில் மாற்றம் கோரலாம். 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாநாடு, பெயருடன் சேர்ந்துவரும் சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. பட்டம் துறந்தவர்கள் பெருமை பெற்றனர். படித்தவர் பெயர் மாற்றினால் அது கொள்கை. கூலிக்காரன் பெயர் மாறியிருந்தால் அது மோசடியோ என்ற ஐயம். சட்டம் இருவருக்கும் ஒன்றே. ஆனால் அதைப் பயன்படுத்தத் தேவையான ஓய்வும் பணமும் மொழியும் ஒருவரிடம் உண்டு, மற்றவரிடம் இல்லை.

இது மலையகத்துக்கு மட்டும் உரிய துயரமும் அன்று. அசாமில் 2019 ஆகஸ்ட் 31ஆம் நாள் வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியலில் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இடம்பெறவில்லை. பத்திரத்துக்குப் பத்திரம் எழுத்து மாறிய பெயர்களும், திருமணத்துக்குப் பின் ஊரும் பெயரும் மாறிய பெண்களின் நிலையும் அங்கே பெருஞ்சிக்கலாயின. 1951இல் தலவாக்கலைத் தோட்டங்களில் கேட்கப்பட்ட அதே கேள்வி, பிரம்மபுத்திராவின் கரையிலும் கேட்கப்பட்டது. அங்கேயும் ஏழை மக்களே வரிசையில் நின்றனர்.

ஒரு மக்களின் பெயர்

தனி மனிதரின் பெயரைப் பார்த்தோம். ஒரு மக்கள் கூட்டத்தின் பெயருக்கும் இதே கதைதான்.

1911ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பில் ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று இரண்டு கட்டங்கள் தனித்தனியே வகுக்கப்பட்டன. அன்று முதல் தோட்ட மக்கள் எத்தனை தலைமுறை இம்மண்ணில் பிறந்து மடிந்தாலும் ‘இந்தியத் தமிழர்’ என்றே பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலும் எழுதப்பட்டனர். நாட்பேச்சில் வழங்கிய ‘கூலி’ என்ற சொல் அதைவிடக் கொடியது. 1946 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் 7,80,589 பேர். மொத்தச் சனத்தொகையில் பன்னிரண்டு வீதத்துக்குச் சற்றுக் குறைவு. 2012 கணக்கெடுப்பில் 8,39,504 பேர். நான்கு வீதத்துக்குச் சற்று அதிகம். நாடு கடத்தலும் இடப்பெயர்வும் இதற்குப் பெருங்காரணம். அத்துடன், ‘இந்திய’ என்ற அடைமொழியே தம்மை அந்நியராக்கியது என்று உணர்ந்தோர் பலர் தம்மை ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்துகொண்டதும் ஒரு காரணம். அது பெயர் மாற்றம்தான். தற்காப்புக்காகச் செய்துகொண்ட பெயர் மாற்றம்.

தொழிற்சங்கமும் இதே வழியில் சென்றது. இலங்கை இந்தியக் காங்கிரசின் தொழிற்சங்கம் 1950இல் ‘இந்திய’ என்ற சொல்லை நீக்கி இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆயிற்று. 1960களில் படித்து வெளிவந்த இளைஞர்களும் ஆசிரியர்களும் ‘மலைநாடு’, ‘மலையகம்’ என்ற சொற்களை எழுச்சியின் சொற்களாக்கினர். அட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியைச் சூழ்ந்து எழுந்த அந்த விழிப்பில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்களின் பங்கு பெரிது. பிறர் இட்ட பெயரைச் சுமந்த மக்கள் தமக்குத் தாமே ஒரு பெயர் இட்டுக்கொண்டனர். அந்தப் பெயர் எந்த அதிகாரியின் ஏட்டிலிருந்தும் வரவில்லை. 2023இல், வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த பாதையிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். அடுத்து வந்த 2024 கணக்கெடுப்பில் பழைய கட்டத்துக்கு அருகே ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரும் சேர்ந்தது. அறுபது ஆண்டுப் போராட்டம் ஒரு சாய்கோட்டுக்குப் பின்னே இடம் பெற்றிருக்கிறது. இது வெற்றிதான், முழு வெற்றி அன்று. பழைய பெயர் இன்னும் முன்னே நிற்கிறது.

சான்றின் பளு

இறுதியாக, வேறு வழியே இல்லையா என்று கேட்போர்க்கு வரலாறே ஒரு விடை வைத்திருக்கிறது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. பாட்டன், பூட்டன் பத்திரம் கேட்கப்படவில்லை. உரிய முறையில் செய்த பிரகடனமே ஆதாரமாக ஏற்கப்பட்டது. அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையகத்தின் துணையுடன் தோட்டங்களுக்கே சென்று நடத்திய நடமாடும் முகாம்களில் பத்து நாட்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் பிரஜாவுரிமை பெற்றனர். அரை நூற்றாண்டு விசாரணை முடிக்க இயலாத காரியத்தைப் பத்து நாட்கள் முடித்தன. காரணம் என்ன? மக்களின் வாக்கை நம்புவது என்று அரசு முடிவு செய்தது. மக்கள் அலுவலகத்தைத் தேடி அலைவதற்குப் பதிலாக அலுவலகம் மக்களைத் தேடிப் போயிற்று. சான்றின் பளு ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறக் கூடியது என்பதற்கு இதைவிடச் சிறந்த அத்தாட்சி வேண்டுமோ?

எனவே நாம் கேட்பது சலுகை அன்று. பதிவு செய்தவரே தம் பதிவின் வேறுபாட்டைத் தேடித் திருத்த வேண்டும். ஓய்வு நாள் வரும்வரை காத்திராமல், தொழிலாளி வேலையில் இருக்கும்போதே தோட்ட ஏடும் நிதியின் ஏடும் அடையாள அட்டையும் ஒத்துப் பார்க்கப்பட வேண்டும். 2003இல் பிரஜாவுரிமைக்கு நடந்த முகாம்களைப் போல் பெயர்த் திருத்தத்துக்கும் தோட்டந்தோறும் முகாம்கள் நடைபெற வேண்டும். அன்றைய நாட்பேரும் இழக்கப்படலாகாது. தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு இதையும் ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும். ஏனெனில் பெற முடியாத பணம், கொடுக்கப்படாத சம்பளத்துக்குச் சமம்.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று மலையகத்துக் குழந்தையின் பெயரைப் பள்ளிச் சேர்வு இடாப்பில் எழுதுவது பெரும்பாலும் அதே லயங்களிலிருந்து படித்து உயர்ந்த கை. கிளாக்கரின் பேனா நம் கைக்கு வந்திருக்கிறது. அதைக் கிளாக்கரைப் போலவே பிடித்தால் வரலாற்றை நாம் கற்றதாக ஆகாது. இலக்கணப்படி எது சரி என்று நாம் தீர்ப்புக் கூறி எழுதும் ஓரெழுத்து, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு கிழவியைச் சமாதான நீதவானின் வாசலில் நிறுத்தக் கூடும். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். தாயிடம் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். மூன்று மொழியிலும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் பிள்ளை சாதாரணதரப் பரீட்சைக்கும் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கும் முன்பே திருத்த வழிகாட்டுங்கள். மாணவர்களே, உங்கள் பாட்டிமாரின் பத்திரங்களை ஒரு மாலை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வரலாற்றுப் பாடநூலில் இல்லாத ஒரு பக்கம் அந்தப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

லெட்சுமியின் பேத்தி இன்று எங்கோ ஒரு தோட்டப் பாடசாலையில் முதலாம் வகுப்பில் சேர வந்து நிற்கிறாள். ஆசிரியர் இடாப்பைத் திறக்கிறார். அவள் பெயரை அவளிடமே கேட்டு எழுதட்டும்.